பிறந்த வீட்டுக்குப் போன கடிதங்கள்: ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைகளின் தபாலை எப்படி வாசிப்பது?

கேள்வி இது: 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் பெரிய ஆட்டுப் பண்ணைகளில் குடியேறிய பிரிட்டிஷ் குடும்பங்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் என்ன இருக்கிறது? வரலாற்றுச் சான்றாக அவற்றை நம்பலாமா? எதிலிருந்து தொடங்குவது?

நம்பலாம். கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு. ‘நான் இங்கே சுகம்’ என்று அதில் இருந்தால் அம்மா அதோடு மடித்து வைத்துவிடுவாளா? மறுபடி ஒருமுறை வாசிப்பாள். போன கடிதம் முழுக்க மாமியார் புராணமாக இருந்ததே, இந்தக் கடிதத்தில் மாமியார் பேச்சே இல்லையே என்று யோசிப்பாள். அந்த இரண்டாம் வாசிப்புதான் இந்தப் பண்ணைக் கடிதங்களுக்கும் வேண்டும். நான் சொல்லப்போவது ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல். ‘ஸ்டேஷன்’ என்றால் நமக்கு ஒன்று ரயில், இல்லையென்றால் போலீஸ். ஆஸ்திரேலியாவில் அது ஆடு மாடு வளர்க்கும் பெரும் மேய்ச்சல் நிலம். ‘பண்ணை’ என்று தமிழில் எழுதுகிறோம், வேறு வழியில்லை. ஆனால் வரப்பும் கிணறும் பம்புசெட்டும் உள்ள பண்ணையை மனதில் வைத்துக்கொண்டால் அளவு தப்பிவிடும். ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம் பல கிராமங்களை விழுங்கும் அளவுக்கு இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1829இல் பத்தொன்பது மாவட்டங்களுக்கு எல்லை வகுத்து, அதற்கு வெளியே யாரும் குடியேறக் கூடாது என்றது. மந்தைக்காரர்கள் கேட்கவில்லை. புல் இருந்த பக்கம் போனார்கள். தடுக்க முடியாத அரசு 1836இல் ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம் கட்டினால் போதும் என்று இறங்கி வந்தது, நிலம் எவ்வளவு பெரிதானாலும் அதே 10 பவுன். இப்படிப் போய் உட்கார்ந்தவர்களைத்தான் ‘ஸ்குவாட்டர்’ என்றார்கள். முதலில் அது வசைச்சொல். ஒரு தலைமுறைக்குள் பெரிய மனிதர்களின் பட்டம். 1850 வாக்கில் பிரிட்டன் இறக்குமதி செய்த கம்பளியில் ஏறக்குறைய பாதி ஆஸ்திரேலியாவிலிருந்து போனது.

இந்த நிலத்தில் வேலி கிடையாது. கம்பி வேலி பரவலானது 1860, 70களில்தான். அதுவரை ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு மேய்ப்பர். இரவில் தட்டிகளை வைத்து ஆடுகளை அடைப்பார்கள். நம்மூர்க் கீதாரிகள் கிடை போடுவது நினைவுக்கு வரும். நம்மிடம் கிடை வயலுக்கு எரு, அங்கே டிங்கோ நாயிடமிருந்து காவல். மேய்ப்பருக்கு வாரப்படி ‘பத்து, பத்து, இரண்டு, கால்’ என்று ஒரு கணக்கே வழக்கில் இருந்தது: 10 பவுண்டு மாவு, 10 பவுண்டு இறைச்சி, 2 பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை. அந்த மேய்ப்பர்களில் பலர் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பலருக்கு எழுத்து தெரியாது. அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆவணக் காப்பகங்களில் அபூர்வம். ஆக ‘பண்ணைக் கடிதம்’ என்று நமக்குக் கிடைப்பது பெரிய வீட்டின் கடிதம். இதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு நான் சொல்லும் பெயர் ரேச்சல் ஹென்னிங். 1826இல் பிறந்தவர், பிரிஸ்டல்காரர், ஒரு பாதிரியாரின் மகள். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, மூத்தவள் என்ற முறையில் தங்கைகள் எட்டா, ஆனி, ஏமி, தம்பி பிடல்ஃப் ஆகியோருக்கு ரேச்சலே பெரியவள் ஆனார். தம்பிக்கு நெஞ்சு பலவீனம். வெயில் தேசம் நல்லது என்று 1853இல் பிடல்ஃபும் ஆனியும் கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டு ரேச்சலும் ஏமியும். எட்டா மட்டும் ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்திலேயே இருந்தார். கடிதங்களில் பெரும்பகுதி அந்த எட்டாவுக்கும் அவர் கணவருக்கும்தான்.

ரேச்சலுக்கு முதலில் அந்த நாடு பிடிக்கவே இல்லை. மரம் பிடிக்கவில்லை, வெயில் பிடிக்கவில்லை. 1856இல் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்து திரும்பிவிட்டார். அங்கே ஐந்து வருடம் இருந்து பார்த்தபின் 1861இல் மறுபடியும் கப்பலேறினார், இந்தத் தடவை ‘கிரேட் பிரிட்டன்’ என்ற இரும்பு நீராவிக் கப்பலில். (அந்தக் கப்பல் இன்று ரேச்சலின் சொந்த ஊரான பிரிஸ்டலிலேயே காட்சிக்கு நிற்கிறது.) ஏன் திரும்பினார் என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது எளிமையானது: கல்யாணமாகாத முப்பத்தைந்து வயதுப் பாதிரியார் மகளுக்கு இங்கிலாந்தில் காத்திருந்தது தங்கை வீட்டில் ஒரு மூலை. தம்பியின் பண்ணையில் அவர் வீட்டின் தலைவி.

அந்தப் பண்ணையின் பெயர் எக்ஸ்மூர். குயின்ஸ்லாந்து 1859இல் தனிக் காலனியானது. வடக்கே கென்னடி மாவட்டம் 1861இல் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கடற்கரையில் போர்ட் டெனிசன் என்ற துறைமுக ஊர் முளைத்தது, இன்றைய பெயர் போவன். பிடல்ஃப் தெற்கிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து போவன் ஆற்றுப் பக்கம் நிலம் பிடித்தார். 1862இல் ரேச்சலும் ஆனியும் அங்கே போனார்கள். துறைமுகத்திலிருந்து பண்ணைக்குக் குதிரை மேல், இரவில் கூடாரம். சில வருடம் முன்னால் யூகலிப்டஸ் இலையின் நிறத்தையே குறை சொன்ன அதே பெண்மணி இந்தப் பயணத்தை ரசித்து ரசித்து எழுதுகிறார். 1865 வரை அங்கே இருந்தார்.

எக்ஸ்மூர்க் கடிதங்களில் பெரிய சம்பவம் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். தோட்டம், நாய்கள், குதிரைச் சவாரி, யார் விருந்தாளியாக வந்தார், எந்தப் புத்தகம் வந்தது, மழையில் ஆறு பெருகி மாவு வண்டி எங்கோ மாட்டிக்கொண்டது, மயிர் கத்தரிப்புக்கு ஆள் வந்தது, கம்பளி மூட்டை ஏற்றிய எருது வண்டி துறைமுகத்துக்குக் கிளம்பியது. இதெல்லாம்தான். ஆனால் ஒரு பண்ணை எப்படி மூச்சு விட்டது என்பதை வேறெந்த ஆவணமும் இப்படிச் சொல்லாது. கணக்குப் புத்தகம் எத்தனை மூட்டை கம்பளி என்று சொல்லும். அந்த மூட்டை கிளம்பிப் போனபின் வீட்டில் விழுந்த அமைதியைச் சொல்லாது. அப்புறம் எல்லாரும் எதிர்பார்த்துக் கிடக்கும் ஒரே பொருள்: தபால் பை.

தபால் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் குணத்தையே அது தீர்மானித்தது. பாய்க்கப்பல் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர நான்கிலிருந்து ஆறு மாதம். நீராவித் தபால் வந்தபின் இரண்டு மாதத்தை ஒட்டி. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை தபால் எகிப்தில் இறங்கித் தரைவழியே சூயஸுக்கு வந்து வேறு கப்பல் ஏற வேண்டும். கிழக்கே வந்தால் ஆஸ்திரேலியத் தபாலும் கல்கத்தா, சீனத் தபாலும் பிரியும் சந்தி இலங்கையின் காலித் துறைமுகம். எக்ஸ்மூரிலிருந்து கிளம்பி நீராவிக் கப்பலில் போன பல கடிதங்கள் காலியைத் தொட்டுத்தான் போயிருக்க வேண்டும். 1872இல் கடலடித் தந்திக் கம்பி வந்தபோது அதுவும் நம் பக்கம்தான்: ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, சென்னை வழியாக லண்டன். தந்தி வரும்முன் சாவுச் செய்தியும் கடிதத்தில்தான் வந்தது. கருப்புக் கரை போட்ட உறை பையில் தெரிந்தால் பிரிக்கும் முன்பே வீடு அழத் தொடங்கிவிடும். யார் என்பதுதான் உள்ளே இருக்கும்.

இந்தத் தாமதத்தால் கடிதத்தின் காலமே குழம்பிப்போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியதை இங்கிலாந்தில் பாட்டி வாசித்துப் பிரார்த்தனை செய்யும்போது அந்தக் குழந்தை பிழைத்து ஓடிக்கொண்டிருக்கும், அல்லது மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். இது எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் அவசரச் செய்தியைவிட மாறாத விஷயங்களுக்கே கை போகும்: வீட்டின் அமைப்பு, தோட்டம், தினசரி வழக்கம். வாசிக்கிறவர்கள் ‘அங்கே எதுவுமே நடக்கவில்லை போலிருக்கிறது’ என்று நினைப்பதன் காரணம் பாதி இதுதான்.

எடை கூடினால் தபால் கூலி கூடும் என்பதால் மெல்லிய தாள். அதுவும் நிரம்பிவிட்டால் தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக எழுதிக்கொண்டு போவார்கள். சல்லடை மாதிரி இருக்கும். அப்படி ஒரு பக்கத்தின் ஒளிப்படியைக் கணினித் திரையில் வாசிக்க முயன்று பத்தாவது நிமிடத்தில் எனக்குத் தலைவலி வந்தது. எட்டா போன்றவர்கள் இதை மெழுகுவத்தி வெளிச்சத்தில், வீட்டார் சூழ்ந்திருக்க, உரக்க வாசித்தார்கள். அந்த ‘உரக்க’ முக்கியம். பண்ணையிலிருந்து வந்த கடிதம் ஒருவருக்கு மட்டுமானது இல்லை. வீடே கேட்கும், அக்கம்பக்கத்துக்கும் போகும். எழுதுகிறவர் அந்தக் கூடத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார்.

இன்னொன்று. நமக்குக் கிடைப்பது பேச்சில் ஒரு பக்கம்தான். பண்ணையிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை ஒரே வீட்டு அலமாரியில் பத்திரமாகத் தங்கின. இங்கிலாந்திலிருந்து பண்ணைக்கு வந்தவற்றுக்குக் கரையான், வெள்ளம், தீ, அடிக்கடி இடம் மாறுதல் என்று எத்தனையோ எமன்கள். தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்திலிருந்து கேட்பது மாதிரி, எட்டா என்ன கேட்டிருப்பார் என்பதை ரேச்சலின் பதிலிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

இது நேர் எதிராக நடந்த வீடும் உண்டு. எலிசபெத் மெக்கார்த்தர் 1790இல் சிட்னிக்கு வந்தவர். தாய்க்கும் இளமைத் தோழி பிரிட்ஜெட் கிங்டனுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் வானியல் படிக்கப் போய், இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டுத் தாவரவியலுக்கு மாறியதைத் தன்னையே கேலி செய்து எழுதும் கடிதம் எனக்குப் பிடித்த ஒன்று. கணவர் ஜான் மெக்கார்த்தர்தான் ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை என்று பள்ளிப் பாடம் சொல்லும். 1966இல் வந்த 2 டாலர் நோட்டில் அவர் முகமும் மென்மையான கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடும் இருந்தன. தொடக்கம் என்னவோ வங்காளத்து ஆடுகள்: இந்தியாவிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் வாங்கிய அறுபது ஆடும் குட்டியும். அவற்றோடு அயர்லாந்து ஆட்டைச் சேர்த்தபோது குட்டிகளின் உடம்பில் ரோமமும் கம்பளியும் கலந்து வந்ததைப் பார்த்துத்தான் தனக்கு யோசனை பிறந்தது என்று ஜானே சொல்லியிருக்கிறார். ஆளுநர் ப்ளையைக் கவிழ்த்த 1808ஆம் ஆண்டுக் கலகத்தில் முன்னின்றதால் அவர் 1809 முதல் 1817 வரை இங்கிலாந்திலேயே இருக்க நேர்ந்தது. அந்த எட்டு வருடமும் மந்தைகளையும் ஆட்களையும் கணக்கையும் பார்த்துக்கொண்டவர் எலிசபெத். அந்தக் காலத்தில் ஜான் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் சிட்னியின் மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன. எலிசபெத் எழுதிய பதில்கள் இல்லை. நிர்வாகத்தை நடத்தியவரின் குரல் போய், தூரத்திலிருந்து புத்தி சொன்னவரின் குரல் நின்றிருக்கிறது. நோட்டில் யார் முகம் அச்சாயிற்று என்று மேலே சொன்னேன்.

எலிசபெத் வீட்டில் நடந்தது காகிதத்தின் விதி என்று விடலாம். ரேச்சல் விஷயத்தில் மனிதக் கை உண்டு. அவர் கடிதங்கள் பொதுமக்களுக்குத் தெரியவந்தது 1951, 52இல். சிட்னியின் ‘புல்லட்டின்’ இதழில் தொடராக, நார்மன் லிண்ட்ஸேயின் ஓவியங்களோடு வந்தன. பிறகு நூலாகவும் வந்தன. பதிப்பித்தவர் இதழாசிரியர் டேவிட் ஆடம்ஸ். பெரிய வரவேற்பு. குறும்பும் கூர்மையும் உள்ள ஒரு விக்டோரியக் காலத்துப் பெண் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். 1990களில் வரலாற்றாய்வாளர் ஆன் அலிங்காம் கையெழுத்து மூலத்தை எடுத்து அச்சோடு வைத்துப் பார்த்தார். ஆடம்ஸ் நிறைய வெட்டியிருந்தார். அதோடு நிற்காமல் வாக்கியங்களிலும் கை வைத்து, வாசகருக்குப் பிடிக்கும் ஒரு ரேச்சலை உருவாக்கியிருந்தார். இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு ஒரு சங்கடம்: அந்த நூலில் நான் சிரித்த இடங்களில் எத்தனை ரேச்சலுடையவை, எத்தனை ஆடம்ஸுடையவை? அதற்காக அச்சுப் பதிப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேற்கோள் காட்டுவதானால் மூலத்தைப் பார்த்துக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

ரேச்சலே வெட்டியவையும் உண்டு. 1866இல் அவர் டெய்ட்டன் டெய்லரை மணந்தார். டெய்லர் தம்பியின் பண்ணையில் மேற்பார்வையாளர், ரேச்சலைவிடச் சுமார் பத்து வயது இளையவர். ரேச்சலுக்கு அப்போது முப்பத்தொன்பது. எக்ஸ்மூரில் இருந்த ஆட்களில் ஒருவராக அவர் முந்தைய கடிதங்களில் வந்துபோகிறார். கதை தெரிந்தபின் திரும்பி வாசித்தால் அந்தச் சாதாரண வரிகளைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. பாதிரியார் வீட்டுக் கூடத்தில் உரக்க வாசிக்கப்படும் கடிதத்தில், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞனைப் பற்றி ஓர் அக்கா எப்படி எழுதுவாள்?

இது அழகான மௌனம். இனி வருவது வேறு வகை.

நம் பழைய கடிதங்களில் க்ஷேமலாபம் முடிந்ததும் ‘நிற்க’ என்று ஒரு சொல் வரும். நலம் விசாரிப்பு அதோடு நிற்கும், விஷயம் அதற்கப்புறம்தான். பண்ணைக் கடிதங்களில் பெரும்பாலானவை ‘நிற்க’ வரைக்கும்தான் எழுதப்பட்டவை. அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. எக்ஸ்மூர் இருந்த பக்கம் பிர்ரி கப்பா மக்களின் நாடு. ஆடுகள் வந்து நீர்நிலைகளை மிதித்தன, வேட்டை விலங்குகள் அகன்றன, மக்கள் ஆட்டைப் பிடித்தார்கள், மேய்ப்பரை ஈட்டியால் குத்தினார்கள், பதிலுக்குத் துப்பாக்கி வந்தது. குயின்ஸ்லாந்தில் இதற்கென்றே ‘நேட்டிவ் போலீஸ்’ என்ற குதிரைப்படை இருந்தது. அதிகாரிகள் வெள்ளையர்கள், வீரர்கள் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட முதற்குடி இளைஞர்கள். அந்தக் காலத்து அறிக்கைகளிலும் கடிதங்களிலும் ‘கலைத்தார்கள்’ என்ற பொருளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். கூட்டத்தைக் கலைப்பது போல. சுட்டுக் கொன்றதற்கு அதுதான் மரியாதையான பெயர். அந்தச் சொல்லைக் கண்டால் நில்லுங்கள்.

ஏன் இந்தப் பூசி மெழுகல்? எழுதுகிறவரின் வெட்கம் மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம். 1838 ஜூன் 10 அன்று நியூ சவுத் வேல்ஸின் மயால் க்ரீக் பண்ணையில் விரயாராய் மக்கள் 28 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். விசாரணை நடந்து அந்த டிசம்பரிலேயே ஏழு வெள்ளையர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். குடியேறிகள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். கொல்லாமல் இருப்பது என்ற பாடத்தை அல்ல, வெளியே சொல்லாமல் இருப்பது என்ற பாடத்தை.

சொன்னவர்களும் இருந்தார்கள், அதனால்தான் நமக்கு இது தெரியும். இன்றைய விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்தில் ஆடு வளர்த்த ஹென்றி மெய்ரிக் என்ற இளைஞர் 1846 ஏப்ரலில் இங்கிலாந்தில் உள்ள வீட்டாருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இந்த வகையில் நான் வாசித்தவற்றில் அதற்கு ஈடு இல்லை. இங்கே கறுப்பர்கள் இப்போது அமைதியாக இருக்கிறார்கள், பாவம் என்று தொடங்குகிறார். காட்டு மிருகத்தைக்கூட இப்படி விடாமல் விரட்டி வேட்டையாடியதில்லை என்கிறார். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் சுடுகிறார்கள். எல்லாமாகச் சேர்த்து 450 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டிருப்பார்கள் என்று ஒரு கணக்கும் தருகிறார். போன பண்ணை ஒவ்வொன்றிலும் இதை எதிர்த்துப் பேசினேன், ஆனால் இவை மிக ரகசியமாக வைக்கப்படுகின்றன, வெளியே தெரிந்தால் தூக்கு என்கிறார். அடுத்து வருவதுதான் நம்மை உலுக்கும். என் ஆட்டைக் கொல்லும்போது கையும் களவுமாகப் பிடித்தால் நானும் காட்டு நாயைச் சுடுவதுபோலச் சுட்டுவிடுவேன், ஆனால் குடிசைகளுக்குள் குதிரையில் புகுந்து கண்மூடித்தனமாகச் சுட மாட்டேன். என்னால் இதை மாற்ற முடியுமென்றால் உள்ளதெல்லாம் போனாலும் பேசுவேன். முடியாது என்பதால் ஒதுங்கி, எதுவும் தெரியாதவனாக, எதுவும் சொல்லாதவனாக இருக்கப்போகிறேன்.

எதுவும் சொல்ல மாட்டேன் என்பதையும் எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரிடமும் நீதிபதியிடமும் சொல்ல முடியாததைக் கடல் தாண்டி இருக்கும் வீட்டாரிடம் சொல்கிறார். அடுத்த வருடம், ஒரு நோயாளிக்காக மருத்துவரை அழைத்துவரப் போனவர், ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். கடிதங்கள் குடும்பத்திலேயே இருந்தன. அவை அச்சானது 1939இல்.

நீல் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1839இல் போர்ட் பிலிப் பக்கம் (இன்றைய மெல்போர்ன் வட்டாரம்) வந்தவர். பிரிட்டனில் இருந்த கூட்டாளி டி.எஸ். கிளாட்ஸ்டனுக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதியவர், நாட்குறிப்பும் வைத்திருந்தார். புதிய நிலம் பிடிக்க லாபமான வழி எல்லையைத் தாண்டிப் போவதுதான், ஆனால் அதற்கு இரக்கமில்லாமல் மக்களைக் கொன்று குவிக்கும் அளவுக்கு மனசாட்சி கருகியிருக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். தன் மனசாட்சி அப்படி இல்லை என்பது அவர் நிலை. பிறகு வாங்கிய பண்ணை கிளெனார்மிஸ்டன். அங்கே முன்பு மேலாளராக இருந்த ஃபிரெட்ரிக் டெய்லர், ஜார்கர்ட் வுர்ருங் மக்களைக் கொன்ற படுகொலையின் பேரில் ஓடிப்போனவர். அதாவது கொலையைத் தான் செய்ய மாட்டார்; செய்து முடித்த இடத்தை வாங்கிக்கொள்வார். இந்த ஒரு முரணைப் பார்ப்பதற்காகவே அவர் காகிதங்களை வாசிக்கலாம்.

ஒரே குடும்பக் காகிதத்தை இரண்டு முறை வாசித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கவிஞர் ஜூடித் ரைட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய பண்ணைக் குடும்பத்தில் 1915இல் பிறந்தவர். தாத்தா ஆல்பர்ட் ரைட் மத்திய குயின்ஸ்லாந்தில் பண்ணை நடத்தியபோது எழுதிய நாட்குறிப்புகளும் பாட்டி மே விட்டுப்போன நினைவுகளும் அவரிடம் வந்தன. அவற்றை வைத்து 1959இல் ‘த ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ எழுதினார். வறட்சி, கடன், நோய், தாத்தா 1890இல் இறந்தபின் பாட்டி தனியாக நின்று குடும்பத்தைக் கரையேற்றியது என்று பாசத்தோடு எழுதிய நூல். இருபத்திரண்டு வருடம் கழித்து, 1981இல், ‘த க்ரை ஃபார் த டெட்’ வந்தது. அதே தாத்தா, அதே நாட்குறிப்பு, அதே நிலம். இம்முறை அரசுப் பதிவுகளையும் அந்தக் கால நாளேடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நிலத்தில் இருந்த வாட்ஜா மக்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடினார். முதல் நூலில் ஓரத்தில் நின்றவர்கள் இரண்டாவதில் நடுவுக்கு வந்தார்கள். பாட்டியை அவர் கைவிடவும் இல்லை. சொந்தக் குடும்பத்தின் மேல் இப்படி ஒரு மறுவாசிப்பைச் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது, தாத்தா கட்டிய வீட்டில் உட்கார்ந்து அந்த வீட்டு நிலம் யாருடையது என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்று வேறு வேலைக்கும் பயன்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாய்வாளர் லிண்டல் ரயன் தலைமையில் உருவாகி 2017இல் இணையத்தில் வெளிவரத் தொடங்கிய படுகொலை வரைபடம் உண்டு. ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 400க்கும் மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே சான்றுகளைச் சொல்லியிருப்பார்கள். ஒரு பண்ணைக் கடிதத் தொகுப்பை வாசிக்கும்போது அந்த வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். கடிதத்தில் ‘இந்த வாரம் ஒன்றும் விசேஷமில்லை’ என்று இருக்கும் வாரத்தில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? காசு செலவில்லாமல் தொடங்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் ‘புல்லட்டின்’ இதழின் பழைய பக்கங்கள் அப்படியே கிடைக்கின்றன. 1951, 52ஆம் ஆண்டு இதழ்களைத் திறந்தால் ரேச்சல் ஹென்னிங் தொடரை லிண்ட்ஸே படங்களோடு, அந்தக் கால விளம்பரங்களுக்கு நடுவே வாசிக்கலாம். எக்ஸ்மூர்ப் பகுதியை முதலில் வாசியுங்கள். 1850களின் புலம்பல்கள் பிறகு போதும். அடுத்து எலிசபெத் மெக்கார்த்தர்: அவர் குடும்பக் காகிதங்களின் தேர்வு ஒன்றை வம்சத்தில் வந்த ஒருவரே 1914இல் வெளியிட்டார். அதையும் வீட்டார் தொகுத்தது என்ற நினைப்போடே வாசிக்க வேண்டும். மெய்ரிக்கின் அந்த ஒரு கடிதத்தை மூன்றாவதாக வைப்பேன். முதலிலேயே வாசித்துவிட்டால் மற்றவற்றை ரசிக்க மனம் வராது.

நான்காவதாக ஒன்று உண்டு, இதைப் பலர் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ‘ஸ்டேஷன்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: நிலம் பறிபோன முதற்குடி மக்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு. மெல்போர்னுக்குக் கிழக்கே 1863இல் உருவான கோரண்டர்க் அப்படி ஒன்று. அங்கே குடியிருந்தவர்கள் காடு திருத்தி, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி பயிரிட்டு நன்றாக விளைவித்தார்கள். விளைந்த நிலத்தின் மேல் அக்கம்பக்கத்தாரின் கண் விழுந்தது. இடத்தை மூட அதிகாரிகள் முயன்றபோது, அவர்களின் தலைவர் வில்லியம் பராக்கும் மற்றவர்களும் அமைச்சர்களுக்கும் நாளேடுகளுக்கும் கடிதமும் மனுவும் எழுதினார்கள், மெல்போர்னுக்கு நடந்தே போய் முறையிட்டார்கள். பராக் சொல்லச் சொல்ல, படித்த இளைஞர் தாமஸ் டனல்லி போன்றவர்கள் எழுதினார்கள். 1881இல் விசாரணைக் குழு அமைந்தது அதன் பலன். ஆனால் முதற்குடிகளுக்கான அரசு வாரியத்தின் தரப்பு கிளப்பிய முதல் சந்தேகமே, இவை உண்மையில் இவர்கள் எழுதியவைதானா, பின்னால் யாராவது வெள்ளையர் தூண்டிவிடுகிறாரா என்பதுதான். ஒவ்வொரு வரியும் தங்களுடையதுதான் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. ரேச்சல் ஹென்னிங்கின் கடிதங்களில் யாருடைய கை இருக்கிறது என்று கேட்க ஒருவர் வருவதற்கு, அவை அச்சாகி நாற்பது வருடம் ஆயிற்று.